வெளிநாட்டு போனில் சொல்லக் கூடாதது

வெளிநாட்டிலிருந்து வரும் போனில் நோய்நொடி பேசக் கூடாது. அழகம்மாவின் வீட்டில் இது சட்டம். யார் போட்ட சட்டம் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. மாத்தளைப் பக்கம் பலாபத்வலைக்கு மேலே, கொக்கோவும் மிளகும் போட்ட அந்தத் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில், பிள்ளைகளை மாலைதீவுக்கும் குவைத்துக்கும் அனுப்பிய எல்லா வீடுகளிலும் அதே சட்டம்தான் நடப்பில் இருந்தது. அங்கிருந்து போன் வந்தால் இங்கே எல்லாரும் சுகம். காய்ச்சலில் கிடப்பவர் தூங்குகிறார். ஆஸ்பத்திரியில் இருப்பவர் கோவிலுக்குப் போயிருக்கிறார். போனவர் வாரக்கணக்கில் திரும்பாவிட்டால் கோவிலில் திருவிழா. அங்கே இருப்பவர்களுக்கும் அதே சட்டம் என்பதால் அவர்களும் ஒருநாளும் தும்மியதில்லை. உலகத்தில் நோயே இல்லாத மக்கள் எங்கே இருக்கிறார்கள் என்று தொலைபேசிக் கம்பனிகளிடம் விசாரித்தால் அந்த லயத்துக்குத்தான் வழி காட்டுவார்கள்.

அழகம்மாவின் ஒரே மகள் துஷாந்தினி மாலைதீவில் ஒரு ஹோட்டலின் சலவைப் பகுதியில் வேலை செய்கிறாள். ஒரு தீவுக்கு ஒரு ஹோட்டல். வெயில் ஏறுவதற்குள் சுற்றி நடந்து முடித்துவிடலாம், அதற்குப் பிறகு நடக்க இடமில்லை. அவள் அங்கே இருந்த காலத்தில்தான் அப்பா செல்லச்சாமிக்கு ஈரல் கெட்டது. வயிறு வீங்கி, கால் வீங்கி, கடைசியில் சுவரைப் பிடித்துக்கொண்டு கூட நடக்க முடியாமல் கிடந்தார். மகள் கேட்கும்போதெல்லாம் அப்பா கடைக்குப் போயிருக்கிறார், மிளகுக் கொடி வெட்டப் போயிருக்கிறார், இப்போதுதான் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார். செத்த பிறகு சொல்லாமல் இருக்க முடியாதல்லவா, சொன்னாள். மகள் அழுவதற்குப் பதிலாக ஒரு கேள்வி கேட்டாள்: “நேத்து கடைக்கு போனாருன்னு சொன்னியேம்மா?”

அதற்காக அழகம்மா தன்னை நொந்துகொண்டாள் என்று நினைக்க வேண்டாம். அத்தனை மாதமும் பிள்ளை நிம்மதியாகத் தூங்கினாள் என்பதுதான் அவள் கணக்கு. தான் தூங்கவில்லை என்பது அந்தக் கணக்கில் வரவில்லை.

மகள் வரவில்லை, ஹோட்டலில் வர விடவில்லை. லயத்துக் காமராவில் தனியாக இருந்த அழகம்மாவுக்கு அலுவிகாரையில் ஒரு வீட்டில் சமையல் வேலை கிடைத்தது. காலையில் பஸ்ஸில் இறங்கி, யாழ்ப்பாணம் போகும் ஏ-ஒன்பது வீதியிலிருந்து செங்குத்தாக ஏறும் படிகளில் ஏறினால் ஆறுமுகநாதன் ஐயாவின் வீடு.

ஐயாவைப் பற்றிச் சொல்வதென்றால் அவர் பிறந்த நாட்டிலேயே அந்நியர். எழுத்துப்பூர்வமாகவே அப்படித்தான். யாழ்ப்பாணத்தில் பிறந்து, இளமையில் மாத்தளையில் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் படவரைஞராக இருந்து, இனக்கலவரத்துக்குப் பிறகு நோர்வேக்குப் போய், அந்நாட்டுக் குடிமகனாகி, மனைவி பாலேஸ்வரியை அந்தக் குளிர்மண்ணில் அடக்கம் செய்துவிட்டு, மாத்தளைக்கே திரும்பி வந்தவர். யாழ்ப்பாணத்துக்குப் போகாதது ஏனென்றால் அங்கே சொந்தக்காரர்கள் இருந்தார்கள். இங்கே விசாவில் இருக்கிறார். காலம் முடியுமுன் புதுப்பிக்க வேண்டும். குடிவரவு அலுவலகத்தில் அவரை விட வயது குறைந்த பெண்பிள்ளை “இலங்கையில் எத்தனை காலம் தங்க உத்தேசம்?” என்று சிங்களத்தில் கேட்பாள். “சாகும்வரைக்கும்” என்று அவரும் நல்ல சிங்களத்திலேயே பதில் சொல்லுவார்.

நோர்வேயை விட்டு வந்ததும் அந்த நாட்டு வைத்திய வசதிகள் கைவிட்டுப் போயின. ஆகவே வெளிநாடுகளில் வாழும் வெளிநாட்டவர்களுக்கென்றே இருக்கும் ஒரு காப்புறுதிக் கம்பனியில் சேர்ந்தார். அந்தக் கம்பனி எந்த ஊரில் இருக்கிறது என்பது அவருக்கும் சரியாகத் தெரியாது. கேட்கும்போதெல்லாம் வேறு ஊரைச் சொன்னார்கள். அவர்களுடைய வகைப்படுத்தலில் இலங்கை ‘தொலைதூரத் தீவுகள்’ என்ற தலைப்பின் கீழ் வந்தது. அதைப் படித்தபோது அவருக்குக் கோபம் வந்தது. இரண்டு கோடிச் சனம், மாத்தளை வரைக்கும் ரயில், இது தொலைதூரத் தீவாம். ஆனால் அந்தத் தலைப்பில் வருகிறவர்களுக்குச் சலுகைகள் அதிகம் என்று அடுத்த பக்கத்தில் இருந்தது. நாட்டுப்பற்றை அத்தோடு மடித்து வைத்தார். ஆபத்து என்றால் ஆகாய அம்புலன்சில் சிங்கப்பூருக்குக் கொண்டுபோவார்கள். அலுவிகாரையிலிருந்து மாத்தளை ஆஸ்பத்திரிக்குப் போகும் முச்சக்கரவண்டிக்கு மட்டும் பொறுப்பில்லை. எந்த மொழியில் பேச விருப்பம் என்ற இடத்தில், அவருக்கு மூன்று மொழி நன்றாகத் தெரிந்திருந்தும், தமிழ் என்று போட்டார். அது கொள்கை.

உண்மையிலேயே தொலைதூரத் தீவில் இருந்தவள் துஷாந்தினிதான். அவளுக்கு இருந்த காப்புறுதி ஒரு அட்டை பெனடோல் மாத்திரை.

இந்த ஆண்டு மழை தொடங்கியபோது ஐயாவுக்குப் படி ஏறினால் நெஞ்சு பிடித்தது. பாதிப் படியில் நின்று பலாமரத்தைப் பார்ப்பார். பலாமரத்தில் அவ்வளவு நேரம் பார்க்க ஒன்றுமில்லை என்பது அழகம்மாவுக்குத் தெரியும். மாத்தளையில் பார்த்த டாக்டர், இதயத்துக்குப் போகும் குழாயில் அடைப்பு இருக்கும், கண்டியில் படம் எடுத்துப் பார்த்து அப்போதே ஸ்டென்ட் என்ற கம்பிச்சுருள் வைத்துவிடுவது நல்லது, அரசாங்கத்தில் முறை வரும்வரை காத்திருக்கலாம், ஆனால் இந்த நெஞ்சு காத்திருக்குமா என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். தனியார் ஆஸ்பத்திரி என்றால் கம்பனி சம்மதிக்க வேண்டும். கம்பனிக்கு எல்லாம் அனுப்பியாயிற்று. வீட்டுக்குப் போன் எடுத்து விசாரித்துவிட்டு முடிவு சொல்வதாகப் பதில் வந்தது.

போன் வந்த நேரம் ஐயா வீட்டில் இல்லை. டாக்டர் கேட்ட இன்னொரு ஈசிஜி எடுக்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். அழகம்மா மாவுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எடுத்தாள். முதலில் ஒரு வெள்ளைக்காரன் குரல். பிறகு ஒரு பெண் குரல், தமிழில். தன் பெயர் வாகினி, தான் மொழிபெயர்ப்பாளர், ஆறுமுகநாதன் ஐயா எப்படி இருக்கிறார் என்று அறிய எடுக்கிறோம் என்றாள். யாழ்ப்பாணத் தமிழ்தான், ஆனால் எங்கேயோ குளிரில் கிடந்து விறைத்துப்போன தமிழ்.

“நல்லா இருக்காருங்க,” என்றாள் அழகம்மா.

“அவரோட கதைக்கலாமோ?”

“கோவிலுக்கு போயிருக்காரு பாப்பா. முத்துமாரியம்மன் கோவிலுக்கு.”

“நடந்து திரியிறவரோ? சாப்பாடு எல்லாம் எப்பிடி?”

“நல்லா நடக்குறாரு, நல்லா சாப்புடுறாரு. நீங்க ஒண்ணும் யோசிக்காதீங்க. ஒடம்ப பாத்துக்குங்க.”

வாகினி ஆங்கிலத்துக்கு மாறினாள். கடைசி வாக்கியத்தையும் மொழிபெயர்த்தாளோ என்னவோ.

இரண்டு நாள் கழித்துக் கம்பனியின் முடிவு வந்தது. வீட்டிலுள்ள பொறுப்பான நபரின் கூற்றுப்படி காப்புறுதிதாரர் நல்ல உடல்நிலையில் உள்ளார், தடையின்றி நடமாடுகிறார், மதச் சடங்குகளில் ஈடுபாட்டுடன் பங்குகொள்கிறார், ஆகவே சிகிச்சை அவசரமானதல்ல. ஆறுமுகநாதன் அதை இரண்டு தரம் வாசித்தார். அவர் கடைசியாகக் கோவிலுக்குள் போனது தாலி கட்டுவதற்கு. அதுவும் பாலேஸ்வரி வீட்டார் பிடிவாதம்.

குரலை உயர்த்திப் பேசும் பழக்கம் அவரிடம் இல்லை. நோர்வே அதை எடுத்துவிட்டிருந்தது. அழகம்மா சமைத்துக்கொண்டிருந்த குசினியின் வாசலில் வந்து நின்றார்.

“நான் ஈசிஜி எடுக்கப் போனது உங்களுக்குத் தெரியும்தானே, அழகம்மா?”

“தெரியுங்க.”

“பிறகு ஏன் கோயிலுக்குப் போனன் எண்டு சொன்னனீங்கள்?”

“வெளிநாட்டு போனுங்களே ஐயா.”

மழை பெய்தது, குடை பிடித்தேன் என்பதுபோலச் சொன்னாள். இதில் விளக்க என்ன இருக்கிறது என்று அவளுக்குப் புரியவில்லை.

“அது கம்பனி. என்ர பிள்ளையில்லை.”

“பேசுன புள்ளையும் யாரு பெத்த புள்ளையோ. எங்கயோ தனியா கெடக்கு. எதுக்குங்க அது மனசயும் போட்டு ஒடைக்கணும்?”

அவர் திரும்பிப் போய்க் கம்பனிக்கு எழுதினார். பதில் மரியாதையாகத்தான் இருந்தது. இரண்டு தரப்புக் கூற்றுகள் ஒன்றுக்கொன்று முரணாக இருப்பதால், முன்பு பேசிய அதே நபருடன் மறுபடி பேசி உறுதிப்படுத்திய பின்பே விடயத்தை மீளத் திறக்க முடியும். அதாவது அவருக்கு நெஞ்சு நோகிறது என்று அவர் சொன்னால் போதாது. அழகம்மா சொல்ல வேண்டும்.

அன்றிலிருந்து இருவரும் அளவாகவே பேசிக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மகன் பவித்ரன் ஒஸ்லோவிலிருந்து வழக்கம்போல வீடியோவில் வந்தான். ஐயா அதற்கு முன்பே முகம் கழுவி, தலை சீவி, வெளிச்சம் படுகிற கதிரையில் உட்கார்ந்திருந்தார். குசினியில் அழகம்மா தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். காது கொடுக்காமலே கேட்டது. நல்லா இருக்கிறன் தம்பி. டாக்டரிட்டையோ, சும்மா ஒருக்கா காட்டப் போனனான். மூச்சு வாங்குதோ, இல்லையே, படி ஏறி வந்தனான், அதுதான்.

தேங்காய் திருவும் சத்தம் நின்றது. போனை வைத்துவிட்டு ஐயா நிமிர்ந்தபோது அழகம்மா வாசலில் நின்றாள்.

“என்ன?” என்றார்.

“ஒண்ணுமில்லீங்க. ஐயா எங்க லயத்துல பொறந்திருக்க வேண்டிய ஆளு.”

அவருக்குச் சிரிப்பு வரவில்லை, ஆனால் கோபமும் போய்விட்டது. மகனுக்குத் தெரிந்தால் அடுத்த விமானத்தில் வந்து தன்னைக் கூட்டிக்கொண்டு போய்விடுவான் என்று சொன்னார். அங்கே குளிர்காலத்தில் பின்னேரம் மூன்று மணிக்கே இருட்டிவிடும், பாலேஸ்வரி போனது அந்த இருட்டில்தான் என்றார். மூன்று வருடமாக அவள் சமைத்ததைச் சாப்பிட்டவர், மனைவி பெயரை அன்றைக்குத்தான் அவளிடம் சொன்னார். அழகம்மா பதிலுக்குத் தன் வீட்டுக்காரர் பெயரைச் சொல்லியிருக்கலாம். அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

கம்பனி மறுபடி எடுக்கும் நாளைக் குறித்து அனுப்பியது. அதற்கு முன் ஒத்திகை பார்ப்பதென்று ஐயா தீர்மானித்தார். எதையும் முதலில் படம் வரைந்து பார்க்காமல் செய்து பழக்கமில்லாதவர். டீவி ரிமோட்டைக் காதில் வைத்துக்கொண்டு முன்னறையில் உட்கார்ந்தார். அழகம்மா குசினியில் தன் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றாள். ஆறுமுகநாதன் எப்படி இருக்கிறார் என்று கம்பனிக் குரலில் கேட்டார்.

“நல்லா இருக்காருங்க.”

போனைக் கீழே வைக்கச் சொல்லி, வெறுங்கையோடு சொல்லச் சொன்னார். நெஞ்சு வலிக்குது, படி ஏற முடியல, ராவுல உக்காந்துக்கிட்டே தூங்குறாரு என்று பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒப்பித்தாள். போனைத் திரும்பக் காதில் வைத்ததும் ஐயா நல்லா இருந்தார். அன்றைக்கு அவர் எத்தனை தரம் சாகக் கிடந்து எத்தனை தரம் தேறினார் என்பதற்கு அளவில்லை. கடைசியில் அழகம்மா போனை அம்மிப் பக்கத்தில் வைத்துவிட்டாள்.

“வாயால சொன்னா அப்படியே ஆகிடும்ங்க,” என்றாள். “அதாங்க வர மாட்டேங்குது.”

“சொல்லாட்டியும் ஆகும், அழகம்மா,” என்றார் அவர்.

 அது அவளுக்கும் தெரிந்த விஷயம்தான்.

குறித்த நாளில் ஐயா ஒரு முடிவு எடுத்தார். தான் எதிரில் இருந்தால் அவளுக்கு வாய் வராது. ஆகவே போன் மணி அடித்ததும் எழுந்து வெளியே போனார். வீதி வரைக்கும் இறங்கிப் போனார். வைத்திய ரீதியாகப் பார்த்தால் அன்று அவர் செய்திருக்கக் கூடாத ஒரே காரியம் அதுதான். இறங்கினால் ஏற வேண்டும்.

வாகினிதான். குரல் அடையாளம் தெரிந்தது. அழகம்மா கம்பியில்லாத அந்த வீட்டுப் போனோடு ஜன்னலோரம் நின்றுகொண்டு, சுகமா இருக்கியா பாப்பா என்று கேட்டாள். சுகம் என்றாள் வாகினி. அதை அழகம்மா நம்பவில்லை, ஆனால் அப்படிச் சொல்வது அந்தப் பிள்ளையின் உரிமை. பிறகு அந்தக் கேள்வி வந்தது. ஐயா எப்படி இருக்கிறார்?

வாய் திறந்தது. நல்லா என்ற சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அப்போது ஜன்னல் வழியே பார்த்தாள். கீழே நிற்கப் பொறுமையில்லாமல் அவர் படி ஏறிக்கொண்டிருந்தார். பலாமரத்தடியில் நின்றார்.

“நின்னுட்டாரு,” என்றாள்.

“என்ன அம்மா?”

“படியில ஏறி வர்றாரு பாப்பா. நின்னுட்டாரு. மரத்த பாக்குற மாதிரி நிக்கிறாரு. மரத்த பாக்கல. இப்ப ஒரு படி ஏறுறாரு... இல்ல. உக்காந்துட்டாரு. படியில உக்காரவே மாட்டாரு, களிசான் அழுக்காகும்னு. நெஞ்ச புடிச்சிக்கிட்டாரு.”

நோய் பேசக் கூடாது என்பதுதான் சட்டம். கண்ணெதிரே நடப்பதைச் சொல்லக் கூடாது என்று அதில் இல்லை. மறுபக்கத்தில் ஆங்கிலம் ஓடியது. வைத்துவிட்டு ஓடட்டுமா என்று அழகம்மா கேட்டாள். வைக்க வேண்டாம், போனோடேயே போங்கள் என்றாள் வாகினி. வாசலைத் தாண்டும்போது ஐயா அவளைக் கண்டு கையை உயர்த்தி அசைத்தார்.

“கைய காட்டுறாரு. ஒண்ணுமில்லயாம். பொய் பாப்பா. எங்க வூட்டுக்காரரும் இப்படித்தான் கைய காட்டுவாரு.”

அவர் மெதுவாக எழுந்து, அவள் தோளைப் பிடித்து, விறாந்தை வரைக்கும் வந்து சாய்ந்து உட்கார்ந்தார். டாக்டர் கொடுத்த மாத்திரையை நாக்கின் கீழே வைத்தார். முகத்தில் கொஞ்சம் இரத்தம் திரும்பியது. தண்ணீர் எடுக்க உள்ளே போனவள் குசினியில் நின்றுவிட்டாள், போன் இன்னும் காதில் இருந்தது, வாய் நிற்கவில்லை. செல்லச்சாமி எப்படிக் கையைக் காட்டுவார், வயிறு வீங்கிக் கிடந்தபோது இடுப்புச் சாரத்தை எப்படி அவிழ்த்துக் கட்டிவிடுவாள், கடைசியில் மகள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, அவள் வந்து நிற்பதாக நினைத்து வாசலைப் பார்த்து எப்படிச் சிரித்தார்...

“அம்மா, இது நோயாளியைப் பற்றினதோ?”

“இல்ல பாப்பா. எங்க வூட்டுக்காரரு. செத்துட்டாரு. இத அவங்களுக்கு சொல்ல வேணாம், நீ மட்டும் கேட்டா போதும்.”

“சொன்னது எல்லாத்தையும் மொழிபெயர்க்க வேணும் அம்மா. அது எங்கட விதி.”

அழகம்மா யோசித்தாள். விதி என்றால் விதிதான், அவளுக்குத் தெரியாததா.

“அப்ப சொல்லு.”

சொன்னாள். அழகம்மா ஒரு வாக்கியம் பேசுவாள், அது ஆங்கிலமாகி முடியும்வரை கண்ணைத் துடைத்துக்கொண்டு காத்திருப்பாள், பிறகு அடுத்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை. முடிந்ததும் அந்த வெள்ளைக்காரன் ஏதோ சொன்னான். அவையள் தங்கட அனுதாபத்தைத் தெரிவிக்கினம் என்றாள் வாகினி. செல்லச்சாமியின் கடைசிக் காலம் இப்போது ஏதோ ஒரு நாட்டில், ஒரு காப்புறுதிக் கம்பனியின் பதிவில், நல்ல ஆங்கிலத்தில் இருக்கிறது. அவருடைய மகளுக்கு அது எந்த மொழியிலும் தெரியாது.

மறுநாள் மத்தியானத்துக்குள் அனுமதி வந்தது. அவசரம் என்று போட்டு வந்தது. அன்றே வேன் பிடித்து ஐயா கண்டிக்குப் போனார். வேனுக்குப் பொறுப்பில்லை என்பதை வழியெல்லாம் சாரதியிடம் விளக்கிக்கொண்டு போயிருப்பார். ஏறும்போது, பவித்ரனுக்குச் சொல்ல வேண்டாம் என்றார். அழகம்மா தலையாட்டினாள். இரண்டு குழாயில் அடைப்பு, சுருள் வைத்தாயிற்று, ஆள் சுகம் என்று பொழுது சாயும் நேரம் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு தாதி சொன்னாள். உள்ளூர் போன் என்பதால் அழகம்மா அதை நம்பினாள்.

அன்று அவள் லயத்துக்குத் திரும்பவில்லை, ஐயா வீட்டிலேயே தங்கினாள். இரண்டு வீட்டிலும் ஆளில்லை, எதில் இருந்தால் என்ன. விளக்குப் போட்ட கையோடு துஷாந்தினி கூப்பிட்டாள். அம்மா சுகமா என்றாள். சுகம். நீ? நானும் சுகந்தான். என்னா சாப்பிட்ட? சோறும் மீனும். வழக்கமாக இத்தோடு பேச வேறொன்றும் இருக்காது. ஆனால் நேற்று ஒரு தரம் சொல்லிப் பழகிய வாய்.

“ஐயாவ கண்டி ஆஸ்பத்திரிக்கு கொண்டு போயிருக்காங்க,” என்றாள் அழகம்மா. “நெஞ்சுல அடைப்பாம்.”

 மறுபக்கத்தில் கடலோ காற்றாடியோ ஏதோ ஒன்று இரைந்துகொண்டிருந்தது.

“எப்பம்மா செத்தாரு?” என்றாள் மகள்.

“அடி, சாகலடி. நல்லா இருக்காரு.”

சொல்லிய பிறகுதான் என்ன சொன்னோம் என்று அழகம்மாவுக்கு உறைத்தது. உயிரோடுதான் இருக்கிறார் என்றாள். ஆபரேஷன் முடிந்தது என்றாள். அம்மன் மேல் சத்தியம் பண்ணினாள், தாதியின் பெயரைச் சொன்னாள், நாளைக்குக் கண்டிக்குப் போய் அவரையே பேச வைக்கிறேன் என்றாள். துஷாந்தினி ஒன்றையும் நம்பவில்லை. இந்த அம்மா போனில் ஆஸ்பத்திரி என்று ஒரு வார்த்தை சொல்கிறாள் என்றால் அதற்கு மேல் சொல்ல என்ன மிச்சம் இருக்க முடியும்? அவள் அழ ஆரம்பித்தாள். கண்ணால் பார்த்திராத ஒரு மனிதருக்காக, தகப்பனுக்கு அன்றைக்குப் போனில் அழாத அழுகையெல்லாம் அழுதாள்.

அழகம்மா சத்தியம் பண்ணுவதை நிறுத்தினாள். அழாதே என்றும் சொல்லவில்லை. ஐயாவின் கதிரையில் உட்கார்ந்தாள், மூன்று வருடத்தில் முதல்தடவையாக, போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு. கீழே வீதியில் யாழ்ப்பாணத்துக்குப் போகும் பஸ் ஒன்று போயிற்று. மகள் மூச்சு வாங்க ஓய்ந்த இடத்தில், அழகம்மா, “அப்பா கடைசியா ஒன்னத்தான் கூப்புட்டாருடி,” என்று ஆரம்பித்தாள்.